மஞ்சள் பூ, வெள்ளை அடியிலை: புதிதாக விவரிக்கப்பட்ட புதர்ச்செடிதானா இது?

புல்வெளி

வணக்கம். படத்தில் இருப்பது சூரியகாந்திக் குடும்பத்துப் புதர்ச்செடி என்பதுவரை எனக்குத் தெரிகிறது. இடுப்பளவு உயரம். அடியிலேயே பிரிந்து கட்டையாகிப்போன தண்டுகள். இலைகள் மாற்றடுக்கில் இருக்கின்றன. மேற்புறம் பச்சை, அடிப்புறம் முழுக்க வெண்மயிர் படர்ந்து நரம்புகூடத் தெரியவில்லை. கிளை நுனிகளில் மஞ்சள் பூக்கள் கொத்தாக, ஏறக்குறைய ஒரே மட்டத்தில் நிற்கின்றன. புல்வெளி முடிந்து குறுங்காடு தொடங்குகிற பாறைச்சரிவு.

இதே குடும்பத்தில் ஒரு புதர்ச்செடியைப் புதிய சிற்றினமாக விவரித்து அண்மையில் ஆய்வுக் கட்டுரை ஒன்று வந்தது. அதிலுள்ள படத்தோடு என் படத்தை ஒட்டி வைத்துப் பார்த்தால் எனக்கு வித்தியாசமே தெரியவில்லை. அடையாளம் சொல்லும் செயலியில் போட்டால் படத்துக்கு ஒரு பெயர் வருகிறது, ஆனால் அந்தப் புதிய பெயர் மட்டும் வருவதே இல்லை.

இடத்தையும் புதிய சிற்றினத்தின் பெயரையும் வேண்டுமென்றே எழுதாமல் விட்டிருக்கிறேன். பெயரைச் சொன்னால் மலை தெரிந்துவிடும். அங்கே இருக்கும் செடிகள் கொஞ்சம்தான். இது அதுதான் என்று உறுதியாகச் சொல்ல என்னவெல்லாம் பார்க்க வேண்டும்?

நெறியாளர்

இடத்தை மறைத்தது நல்ல காரியம். பதில் எழுதுகிறவர்களும் ஊகித்து எழுத வேண்டாம். கட்டுரையைப் படித்தவர்கள் பண்புகளைப் பற்றி மட்டும் பேசுங்கள். படக்கோப்புக்குள் இடக்குறிப்பு தங்கியிருந்தது, அதை நீக்கிவிட்டேன். இனிப் படம் ஏற்றும்போது இதை எல்லோரும் கவனியுங்கள்.

நுண்நோக்கி

புல்வெளி, படங்கள் தெளிவாக இருக்கின்றன. ஆனால் எல்லாமே பூவை மேலிருந்து எடுத்தவை. இந்தக் குடும்பத்தில் மேலிருந்து தெரிகிற விஷயம் மிகக் குறைவு. நாம் ஒரு பூ என்று சொல்வது பல சிறுமலர்கள் நெருங்கி அமைந்த தலைமஞ்சரி. ஓரத்தில் இதழாக நீள்பவை கதிர் சிறுமலர்கள், நடுவில் இருப்பவை வட்டத்தட்டுச் சிறுமலர்கள். மஞ்சள் கதிரும் மஞ்சள் நடுவும் குடும்பத்தின் பல கிளைகளில் உண்டு. 25,000-க்கும் மேற்பட்ட சிற்றினங்கள் கொண்ட குடும்பத்தில் அந்த நிறத்தை வைத்து எதையும் பிரிக்க முடியாது.

முதலில் தலைமஞ்சரியைத் திருப்பி, அடியிலிருந்து படம் எடுங்கள். பூவடிச் செதில்கள் ஒரே வரிசையில் ஒரே நீளத்தில் நிற்கின்றனவா, ஓட்டுக்கூரை போலப் பல வரிசையாக ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கின்றனவா? ஒரே வரிசை என்றால், அதற்குக் கீழே காம்போடு ஒட்டிச் சின்னஞ்சிறு செதில்கள் சில தனியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். இந்த ஒரு கேள்வியிலேயே குடும்பத்தின் பெரும்பகுதி விலகிவிடும்.

அடுத்து, உதிரப்போகிற தலைமஞ்சரி ஒன்றைப் பிளேடால் நெடுக்காக இரண்டாகப் பிளந்து கைலென்ஸில் பாருங்கள். பூத்தளத்தில் சிறுமலர்களுக்கு இடையே செதில் முளைத்திருக்கிறதா, வெறுமையாக இருக்கிறதா? சூற்பையின் உச்சியில் உள்ள பாப்பஸ் மயிரா, செதிலா, முள்ளா, அல்லது எதுவுமே இல்லையா? மகரந்தப்பைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் குழலாக இருக்கும். அந்தக் குழலின் அடி மழுங்கியிருக்கிறதா, வால் போல நீண்டிருக்கிறதா?

கடைசியாக, சூலகத் தண்டின் இரண்டு கிளைகள். என் அனுபவத்தில் மிக அதிகம் பேசுவது இதுதான். மகரந்தக் குழலுக்குள் தூள் கொட்டியதும் சூலகத் தண்டு அடியிலிருந்து வளர்ந்து அதைத் தள்ளிக்கொண்டு மேலே வருகிறது. அந்த வேலையை ஒவ்வொரு குலமும் ஒவ்வொரு விதமாகச் செய்வதால் கிளைகளின் நுனியும் மயிர் அமைப்பும் குலத்துக்குக் குலம் மாறுகின்றன. குடும்பத்துக்கும் பேரினத்துக்கும் நடுவில் உள்ள படியைத்தான் குலம் என்கிறேன். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்ஸின் ஆன்றி கசீனி இந்தச் சிறுமலர்களைப் பிரித்துப் பிரித்துப் பார்த்துத்தான் குலங்களை வகுத்தார். அவர் 1832-இல் காலராவில் இறந்தார். அவர் வகுத்த குலங்களில் பெரும்பாலானவை மரபணு ஆய்வுகள் வந்த பிறகும் நிற்கின்றன. வெறும் லென்ஸும் பொறுமையும் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று எனக்குத் தெரியாது.

வேலியோரம்

எனக்கு முதலில் தோன்றியது வேறு. இது தோட்டத்திலிருந்து தப்பிய செடியாக இருக்கலாமே? நியூசிலாந்தைச் சேர்ந்த பிராக்கிகிளாட்டிஸ் பேரினத்தில் அடியிலை வெளுத்து மஞ்சள் பூப் பூக்கும் புதர்கள் உண்டு. அவற்றைக் கலந்து உருவாக்கிய ‘டனீடின்’ தொகுதிக் கலப்பினங்களை, குறிப்பாக ‘சன்ஷைன்’ என்ற ரகத்தை, குளிர்ந்த பகுதித் தோட்டங்களில் நிறைய வளர்க்கிறார்கள். தோட்டக் கலப்பினத்தைக் காட்டில் பார்த்தால் எந்த நூலிலும் பெயர் கிடைக்காது. கிடைக்காததாலேயே புதியது என்று நினைக்கத் தோன்றும்.

நுண்நோக்கி

கேட்கவேண்டிய கேள்விதான். வெளுத்த அடியிலையை வைத்து ஒலியாரியா பேரினத்தையும் பலர் இதோடு குழப்புவார்கள். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, நியூகினிப் பகுதிகளின் புதர்கள் அவை. ஆனால் ஒலியாரியாவின் பூவடிச் செதில்கள் பல வரிசை. பிராக்கிகிளாட்டிஸில் ஒரு வரிசை. இதற்காகவும்தான் தலைமஞ்சரியைத் திருப்பச் சொன்னேன்.

புல்வெளி

பார்த்துவிட்டேன், படங்களும் சேர்த்திருக்கிறேன்.

பூவடிச் செதில்கள் ஒரே வரிசை, எல்லாம் ஒரே உயரம், ஓரங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து குவளை மாதிரி நிற்கின்றன. பெரும்பாலும் 8, சில தலைகளில் கூடக்குறைய. அதற்குக் கீழே ஊசி போன்ற குட்டிச் செதில்கள் மூன்று நான்கு. பூத்தளத்தில் செதில் இல்லை. பாப்பஸ் வெள்ளை மயிர், மெல்லியது, கை பட்டால் உதிர்கிறது. மகரந்தக் குழலின் அடியில் வால் எதுவும் எனக்குத் தெரியவில்லை. சூலகத் தண்டின் கிளை நுனி வெட்டிவிட்டதுபோல் தட்டையாக இருக்கிறது, அந்த விளிம்பில் சிறு மயிர்க்கற்றை.

தோட்டம் பற்றி: சுற்றுவட்டாரத்தில் வீடோ பழைய குடியிருப்போ இல்லை. சரிவில் சிறு நாற்றுகளும் முதிர்ந்த செடிகளும் கலந்தே நிற்கின்றன.

நுண்நோக்கி

அருமையான கவனிப்பு. ஒரு வரிசைச் செதில், அடியில் குட்டிச் செதில்கள், வெறும் பூத்தளம், மெல்லிய வெண்மயிர் பாப்பஸ், வெட்டுப்பட்ட சூலக நுனி. இவை ஐந்தும் சேர்ந்தால் செனீசியோனியே குலம் என்று துணிந்து சொல்லலாம். ஆஸ்டரியே குலமாக இருந்தால் சூலகக் கிளையின் நுனியில் மயிரடர்ந்த முக்கோணப் பகுதி இருந்திருக்கும். யூப்பட்டோரியே என்றால் கிளைகள் கதாயுதம்போல் நுனி தடித்து நீண்டிருக்கும், மஞ்சள் கதிர் சிறுமலரும் இருக்காது. வெர்னோனியே என்றால் கிளைகள் நீண்டு ஒடுங்கி வெளிப்புறம் முழுதும் மயிராக இருக்கும்.

ஆனால் செனீசியோனியே குடும்பத்திலேயே பெரிய குலம். ஏறத்தாழ 150 பேரினங்கள், 3,000-க்கு மேல் சிற்றினங்கள். செனீசியோ பேரினம் மட்டுமே 1,000-ஐத் தாண்டும். ஒரு காலத்தில் எங்கும் பொருந்தாத எல்லாவற்றையும் அந்தப் பேரினத்தில் போட்டுவைத்திருந்தார்கள். பிராக்கிகிளாட்டிஸில் இப்போது இருக்கும் புதர்களில் பலவும் முன்பு செனீசியோவாக இருந்தவைதான்.

அதனால் இன்னும் ஒரு படி உள்ளே போக வேண்டும், அதற்குக் கைலென்ஸ் போதாது. மகரந்தக் கம்பி மகரந்தப்பையோடு சேரும் இடத்தில் ஒரு கழுத்துப் பகுதி இருக்கும். அதன் அடிப்பகுதிச் செல்கள் பெருத்து, கழுத்து கீழே அகன்று தெரிகிறதா, மேலிருந்து கீழ்வரை ஒரே அகலமா? சூலகக் கிளையின் உள்பக்கத்தில் மகரந்தம் ஏற்கும் பரப்பு இரண்டு கோடுகளாகப் பிரிந்திருக்கிறதா, இடைவெளி இல்லாமல் ஒன்றாக இருக்கிறதா? அகன்ற கழுத்தும் இரட்டைக் கோடும் செனீசியோவின் நெருங்கிய உறவுகளைக் காட்டும். சீரான கழுத்தும் ஒன்றான பரப்பும் குலத்தின் இன்னொரு கிளையைக் காட்டும். கூட்டு நுண்நோக்கி வசதி உள்ள கல்லூரி ஆய்வகம் ஏதாவது கிடைத்தால் பாருங்கள்.

உலர்தாள்

தாமதமாக வருகிறேன். எல்லாவற்றையும் படித்தேன். நான் சொல்ல விரும்புவது வேறு கோணம், கொஞ்சம் நீளும்.

புதிதாக விவரிக்கப்பட்ட செடியை அடையாளம் காண்பதில் தனிச் சிக்கல் ஒன்று இருக்கிறது. நம் கையில் உள்ள திறவுகோல்கள், அதாவது பண்புகளை வைத்துப் படிப்படியாகப் பெயருக்குக் கொண்டுபோகும் கேள்விப் பட்டியல்கள், எல்லாம் அந்தச் செடி விவரிக்கப்படுவதற்கு முன்பு எழுதியவை. திறவுகோல் ‘தெரியாது’ என்று ஒருநாளும் சொல்லாது. ஒவ்வொரு படியிலும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வைத்து, கடைசியில் அதற்குத் தெரிந்த ஒரு பெயரில் கொண்டுபோய் நிறுத்திவிடும். செயலியும் அப்படித்தான். போதிய படங்கள் இருக்கும் சிற்றினங்களை வைத்தே அதைப் பழக்குகிறார்கள். போன வருஷம் பெயர் பெற்று, இருபது படம்கூட இல்லாத புதரை அது சொல்ல வழியே இல்லை. ஆகவே புல்வெளிக்குச் செயலி அந்தப் பெயரைத் தராதது இதற்குச் சாதகமும் இல்லை, பாதகமும் இல்லை.

எதிர்ப்பக்கத்திலும் ஒரு பொறி இருக்கிறது. புதிய இனத்தைப் பற்றிப் படித்தவுடன் பார்க்கிற செடியெல்லாம் அதுவாகத் தெரியும். கட்டுரையின் படத்தோடு ஒப்பிடுவதை நிறுத்திவிட்டு, அதன் வேறுபாட்டுக் குறிப்பை எடுங்கள். இன்ன சிற்றினத்தை ஒத்தது, ஆனால் இன்னின்ன பண்புகளில் மாறுபடுகிறது என்று இரண்டு மூன்று வரியில் இருக்கும். அந்தப் பண்புகளை மட்டும் உங்கள் செடியில் அளந்து பாருங்கள். மற்றவையெல்லாம் நெருங்கிய உறவுகள் அனைத்துக்கும் பொதுவாக இருக்கக்கூடியவை. வெண்மயிர் அடியிலையும் மஞ்சள் பூவும் அந்தக் குறிப்பில் இல்லை என்றால், நீங்கள் இதுவரை ஒப்பிட்டது அடையாளத்துக்கு உதவாத பண்புகளைத்தான்.

பிறகு ஹோலோடைப் எனும் மூல மாதிரி. ஒரு பெயர் எந்தச் செடியைக் குறிக்கிறது என்பதற்கு இறுதி ஆதாரம், செடியை அழுத்தி உலர்த்தி ஒட்டிய அந்த ஒற்றை உலர்தாள்தான். 1958 ஜனவரி 1 முதல் மூல மாதிரியைக் குறிப்பிடாமல் புதிய சிற்றினப் பெயர் செல்லாது. 1990 முதல் அது எந்த ஹெர்பேரியத்தில், அதாவது உலர்தாவரக் காப்பகத்தில், இருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். பல ஹெர்பேரியங்கள் மூல மாதிரிகளை உயர்தெளிவில் படமெடுத்து இணையத்தில் வைத்திருக்கின்றன. கட்டுரையில் உள்ள ஹெர்பேரியக் குறியீட்டை எடுத்துத் தேடுங்கள், அளவுகோலோடு கிடைக்கும். பெயர் முறையாக வெளியானதா என்பதைச் சர்வதேசத் தாவரப் பெயர்ப் பட்டியலான ஐப்னியில் சரிபார்க்கலாம். 2012 முதல் மின்னிதழில் மட்டும் வெளியிட்டாலும் பெயர் செல்லும்; விவரிப்பு லத்தீனில்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் அப்போதே போய், ஆங்கிலமும் ஏற்கப்பட்டது. ஆகவே அந்த விவரிப்பைப் படிப்பது இப்போது எவருக்கும் எட்டாத விஷயம் இல்லை.

இன்னொன்றும் மனதில் இருக்கட்டும். 2010-இல் வெளியான ஓர் ஆய்வு, புதிய பூக்கும் தாவரங்களில் சேகரித்த ஐந்தாண்டுக்குள் விவரிக்கப்பட்டவை 16 விழுக்காடுதான் என்று காட்டியது. ஏறக்குறைய கால்பங்கு, 50 ஆண்டுக்கு மேல் ஹெர்பேரிய அலமாரியில் கிடந்த மாதிரிகளிலிருந்து விவரிக்கப்பட்டவை. உங்கள் செடியைப் பல ஆண்டுகளுக்கு முன்பே யாரோ சேகரித்து, வேறு பெயரில் ஒட்டி வைத்திருக்கலாம். அந்தத் தாள்களையும் பார்க்காமல் முடிவுக்கு வரக்கூடாது.

ஈரிழை

இவ்வளவு சுற்றவேண்டுமா? ஒரு துண்டு இலையை சிலிக்கா ஜெல்லில் உலர்த்தி டிஎன்ஏ பார்கோடு, அதாவது இனம் காண உதவும் குறிப்பிட்ட மரபணுத் துண்டின் வரிசை, எடுத்தால் முடிந்தது.

உலர்தாள்

முடியாது, ஈரிழை. இந்தக் குடும்பத்துப் புதர்களில் பெரும்பாலும் முடியாது.

2009-இல் தாவரங்களுக்கான அடிப்படைப் பார்கோடாக இரண்டு பசுங்கணிக மரபணுப் பகுதிகளை ஏற்றுக்கொண்டார்கள். பேரினம்வரை அவை நன்றாகக் கொண்டுபோகும். ஆனால் மலைகளிலும் தீவுகளிலும் மிகக் குறுகிய காலத்தில் பல்கிப் பிரிந்த கூட்டங்களில், தோற்றத்தில் முற்றிலும் வேறான சிற்றினங்களுக்குக்கூட ஒரே வரிசை வரும். இதே குடும்பத்தில் ஹவாயின் வெள்ளிவாள் செடிக் கூட்டத்தைப் பாருங்கள். வட அமெரிக்க மூதாதை ஒன்றிலிருந்து வந்து மூன்று பேரினங்கள், சுமார் 30 சிற்றினங்கள். தரையோடு மெத்தையாகப் படர்வது முதல் மரம்வரை எல்லா வடிவமும் அதில் உண்டு. அவை பேரினம் தாண்டியும் கலப்பினம் தருகின்றன. போதாததற்கு, பசுங்கணிகம் பொதுவாகத் தாய்வழியே மட்டும் வருவதால் கலப்பினத்தின் ஒரு பக்கத்தை மட்டுமே காட்டும்.

ஈரிழை

பார்கோடு பற்றி நீங்கள் சொல்வது சரி. ஆனால் இன்றைக்கு அதோடு நிற்பதில்லை. இந்தக் குடும்பத்துக்கென்றே 1,061 உட்கரு மரபணுப் பகுதிகளைப் பிடித்தெடுக்கும் தொகுப்பு 2014-இலேயே வந்துவிட்டது. பழைய ஹெர்பேரியத் தாளிலிருந்துகூட எடுக்க முடிகிறது. நான் அதை மனதில் வைத்துச் சொன்னேன்.

உலர்தாள்

அதை முழு மனதோடு ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அப்போதும் ஒப்பிட ஒரு பக்கம் வேண்டும். புதிய சிற்றினத்தின் மூல மாதிரியிலிருந்தும் அதன் உறவுகளிலிருந்தும் வரிசைகள் இல்லாமல், புல்வெளியின் இலைத் துண்டு மட்டும் தனியாக எதையும் சொல்லாது. சேகரிப்பு மாதிரி இல்லாத டிஎன்ஏ வரிசையை நாளைக்கு யாரும் திரும்பச் சரிபார்க்கவும் முடியாது. சிலிக்கா ஜெல்லில் இலை எடுப்பது நல்லது, உலர்தாளோடு சேர்த்து எடுங்கள்.

புல்வெளி

உலர்தாள் ஐயா சொன்னபடி வேறுபாட்டுக் குறிப்பை எடுத்து வைத்து அளந்தேன். கட்டுரை இரண்டு பண்புகளை முக்கியமாகச் சொல்கிறது. நெருங்கிய உறவான பழைய சிற்றினத்தில் கதிர் சிறுமலர்கள் 8, சிப்செலா எனும் ஒற்றை விதைக் கனியில் மயிர் உண்டு. புதியதில் கதிர் 5, கனி மொழுமொழு என்று இருக்கும்.

என் சரிவில் ஒரு செடியில் 5-ம் இன்னொன்றில் 8-ம் கிடைக்கின்றன. இடைப்பட்ட எண்ணும் இருக்கிறது. கனி சில செடிகளில் மொழுமொழு, சிலவற்றில் விளிம்புக் கோடுகளில் மட்டும் மயிர். விரலால் நசுக்கினால் கனிகளில் பல உள்ளீடு இல்லாமல் பதராக இருக்கின்றன. இப்போது என்ன சொல்வது?

வேலியோரம்

புதியதும் பழையதும் சேர்ந்த கலப்பினம்!

நுண்நோக்கி

அப்படியும் இருக்கலாம். ஒவ்வொரு பண்பாக எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் மூன்றும் சம எடை உள்ளவை அல்ல.

கதிர்களின் எண்ணிக்கை மெலிந்த சாட்சி. இந்தக் குடும்பத்தில் கதிரும் பூவடிச் செதிலும் 5, 8, 13 என்ற எண்களில் குவியும். தலைமஞ்சரி சிறுத்தால் 8 எண்ணிக்கை 5-ஐ நோக்கி இறங்கும். ஒரே செடியில் முதலில் விரியும் தலைக்கும் கடைசியாக விரியும் தலைக்கும் வேறுபாடு காணலாம். கதிரே இல்லாமல் போவதும் உண்டு. செனீசியோ வல்காரிஸ் என்ற சிறுசெடி பொதுவாகக் கதிர் இல்லாதது. பிரிட்டனில் அதில் சில செடிகளுக்குக் கதிர் வந்தது எப்படி என்றால், அங்கே குடியேறிய செனீசியோ ஸ்குவாலிடஸ் என்ற இன்னொரு சிற்றினத்திலிருந்து கலப்பின் வழியே ஒரு சிறு மரபணுப் பகுதி வந்து சேர்ந்ததால். 2008-இல் அந்தப் பகுதியையே அடையாளம் கண்டார்கள். அவ்வளவு சிறிய மாற்றத்தில் முகமே மாறிவிடுகிறது. ஆகவே ஒவ்வொரு செடியிலும் பல தலைகளை எண்ணி, அந்தச் செடிக்கு எந்த எண் அதிகம் என்று எழுதுங்கள். தலையின் அகலத்தையும் கூடவே குறியுங்கள்.

கனியின் மயிர் பலமான சாட்சி. ஆனால் இளங்கனியில் பார்க்கக் கூடாது, முதிர்ந்ததில்தான் பார்க்க வேண்டும். கதிர் சிறுமலரின் கனியும் நடுச் சிறுமலரின் கனியும் ஒரே தலையில் வேறுபடக்கூடும், இரண்டையும் பிரித்து வையுங்கள். இன்னொன்று: இந்தக் குலத்தில் பலவற்றின் கனிமயிர் ஈரம் பட்டால் ஊறிப் பிசுபிசுவென்று கோழையாகும். மழைக்குப் பிறகு சேகரித்த கனியில் மயிர் படிந்துபோய் மொழுமொழு என்று ஏமாற்றலாம்.

பதர்க் கனியை வைத்துக் கலப்பினம் என்று சொல்ல எனக்குத் தயக்கம். இந்தக் குடும்பத்தில் பல சிற்றினங்கள் தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது. செடிகள் குறைவாக இருந்து, எல்லாம் நெருங்கிய உறவாக இருந்தாலே பதர் பெருகும். தலைமஞ்சரிக்குள் ஈப்புழு புகுந்து தின்றாலும் கனி வெறுமையாகும். உள்ளே புழுவின் எச்சம் இருக்கிறதா என்று பாருங்கள். மகரந்தத்தை அசிட்டோகார்மைனில் சாயமேற்றிப் பார்த்தால் கொஞ்சம் தெளிவு வரும்; நிறம் ஏறாத, சுருங்கிய தூள் அதிகமாக இருந்தால் கலப்பின் சந்தேகம் வலுக்கும்.

உலர்தாள்

நுண்நோக்கி சொன்னதற்கு மறுபக்கமும் சேர்க்கிறேன். கலப்பினம் என்றால் மலட்டுத்தனம் என்றும் இல்லை, கலப்பினம் என்றால் ஒதுக்கவேண்டியது என்றும் இல்லை.

கேனரித் தீவுகள், மடீரா பகுதிகளில் ஆர்கைராந்திமம் என்ற புதர்ப் பேரினம் இருக்கிறது, இதே குடும்பம். டெனெரிஃப் தீவின் வடகிழக்கில் அனாகா மலைப்பகுதியில் ஃப்ரூட்டெசென்ஸ் என்ற சிற்றினம் வறண்ட கடற்கரையோரமும், ப்ரூசொனெட்டியை என்ற சிற்றினம் மேலே ஈரமான லாரல் காட்டிலும் வளர்கின்றன. இந்த இரண்டும் கலந்து பிறந்தவைதான் லெம்ஸியை, சுண்டிங்கியை என்ற வேறு இரண்டு சிற்றினங்கள். குரோமோசோம் எண்ணிக்கை இரட்டிக்காமலே, ஒரே பெற்றோரிடமிருந்து தனித்தனியாக இருமுறை உருவானவை என்று மரபணு ஆய்வுகள் காட்டுகின்றன. முதலில் பார்த்தவர் ஒருவர் ‘இது வெறும் கலப்பு’ என்று தள்ளியிருந்தால் அந்த இரண்டும் பதிவிலேயே வந்திருக்காது.

ஆகவே நான் கேட்பது: புல்வெளியின் சரிவில் ஐந்து கதிர்ச் செடிகள் ஒரு பக்கமும் எட்டுக் கதிர்ச் செடிகள் ஒரு பக்கமும் நிற்கின்றனவா, எல்லாம் கலந்து நிற்கின்றனவா? பாறைப் பிளவில் நிற்பதற்கும் புல்லோரம் நிற்பதற்கும் வேறுபாடு உண்டா? கதிர் எண்ணும் கனிமயிரும் சேர்ந்தே மாறுகின்றனவா, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் மாறுகின்றனவா? சேர்ந்தே மாறினால் இரண்டு சிற்றினங்கள் அருகருகே நிற்கின்றன என்று பொருள்கொள்ளலாம். தொடர்பில்லாமல் எல்லாச் சேர்க்கையும் கிடைத்தால், ஒன்று இது கலப்புக் கூட்டம். இல்லையென்றால் புதிய சிற்றினத்துக்குச் சொன்ன எல்லையே குறுகலானது, குறைந்த மாதிரிகளை வைத்து எழுதப்பட்டது. பின்னதாக இருந்தால் கட்டுரை எழுதியவர்களுக்கு இந்தத் தகவல் மிக அவசியம்.

ஈரிழை

இந்தக் கேள்விக்கு உட்கரு மரபணுப் பகுதிகள் நன்றாகவே பதில் சொல்லும். ஒவ்வொரு வடிவத்திலிருந்தும் இலை எடுத்து, எந்த இலை எந்தச் செடி என்று எண்ணிட்டு வைத்தால் போதும்.

புல்வெளி

பாறைப் பிளவுகளில் நிற்பவை பெரும்பாலும் 5, கனி மொழுமொழு. புல்லோரத்தில் 8, மயிர் உண்டு. நடுவில் உள்ள பட்டையில் எல்லாம் கலந்து இருக்கிறது. பதர் அதிகமாக இருப்பதும் அந்த நடுப்பட்டையில்தான். புழு எச்சம் எதுவும் கண்ணில் படவில்லை.

உலர்தாள்

நல்ல சேதி. இதை எழுதும்போதே எனக்கு ஆர்வம் தாங்கவில்லை. பாறைச் செடிகள் புதிய சிற்றினத்தோடு பொருந்துகின்றன, புல்லோரச் செடிகள் பழையதோடு பொருந்துகின்றன, நடுவில் அவை கலக்கின்றன. இருக்கும் சான்றுகளுக்கு மிக எளிதாகப் பொருந்துவது இதுதான். உறுதி என்று இன்னும் சொல்லமாட்டேன். நீங்கள் முதலில் படமெடுத்த செடி எந்தப் பட்டையில் நிற்கிறது?

புல்வெளி

நடுப்பட்டையில்.

நுண்நோக்கி

அப்படியானால் அந்தப் படத்துக்குப் புதிய பெயரையும் வைக்க வேண்டாம், பழைய பெயரையும் வைக்க வேண்டாம். செனீசியோனியே குலம், சிற்றினம் உறுதியாகவில்லை என்று பதிவிடுங்கள். பாறைச் செடிகளின் படங்களைத் தனிப் பதிவாக, பூவடி, பிளந்த தலை, முதிர்ந்த கனி எல்லாம் சேர்த்து ஏற்றுங்கள். ஒரே பெயரில் எல்லாவற்றையும் போட்டால் நாளைக்குச் செயலியும் அதையே படித்துக்கொள்ளும்.

நெறியாளர்

படத்தை மட்டும் போட்டு என்ன ஆகப்போகிறது என்று சிலர் நினைக்கலாம். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்து பிக் பெண்ட் தேசியப் பூங்காவில் 2024 மார்ச் மாதம் ஒரு தன்னார்வலர் கண்ணில் பட்ட வெண்மயிர்ச் சிறுசெடியின் படத்தை ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் ஏற்றினார். யாருக்கும் பெயர் தெரியவில்லை. முறைப்படி மாதிரி எடுத்து, உடலமைப்பும் டிஎன்ஏவும் பார்த்து, 2025-இல் ஒவிகுலா பைரேடியேட்டா என்று இதே குடும்பத்தில் புதிய பேரினமாகவே விவரித்தார்கள். அது புதர் இல்லை, பாறையோடு ஒட்டி வளரும் குட்டிச் செடி. ஆனால் வழி இதே வழிதான்.

புல்வெளி, சேகரிப்புக்கு அனுமதி பெறாமல் கிளை ஒடிக்க வேண்டாம். கட்டுரை எழுதியவர்களின் மின்னஞ்சல் கட்டுரையிலேயே இருக்கும். இந்த இழையில் எழுதியதை அப்படியே, சரியான இடத்தோடு, அவர்களுக்கு நேரடியாக அனுப்புங்கள். பெரும்பாலும் அனுமதிக்கான ஏற்பாட்டையும் அவர்களே செய்வார்கள்.

புல்வெளி

எழுதிவிட்டேன், பதிலும் வந்தது. நடுப்பட்டையைப் பற்றி அவர்களுக்குத் தெரியாதாம், வர விரும்புகிறார்கள். அனுமதி அவர்கள் பெயரில் இருக்கிறது. மூன்று பட்டையிலிருந்தும் மாதிரி எடுக்க உடன் வரச் சொல்லியிருக்கிறார்கள். அழுத்தி உலர்த்தும்போது இந்தக் குடும்பத்துக்கென்று கவனிக்க ஏதாவது உண்டா?

உலர்தாள்

உண்டு. தலைமஞ்சரி அழுத்தியில் வைத்த பிறகும் முதிர்ந்துகொண்டே போகும். மெதுவாக உலர்த்தினால் இரண்டு நாளில் பாப்பஸ் பஞ்சாய் விரிந்து, பூவாக எடுத்தது கனியாக உதிர்ந்து கிடக்கும். மிதமான வெப்பம் கொடுத்து வேகமாக உலர்த்துங்கள், தாளை அடிக்கடி மாற்றுங்கள். சில தலைகளை நெடுக்காகப் பிளந்து அழுத்துங்கள். முதிர்ந்த கனிகளைத் தனிக் காகித உறையில் போட்டு அதே எண்ணிடுங்கள். இலைகளில் சிலவற்றைத் திருப்பி வையுங்கள், அடிப்புறம் தெரியவேண்டும். கட்டையான அடித்தண்டு தாளில் வராது, ஆகவே உயரம், கிளைக்கும் விதம், தண்டின் மரப்பட்டை, மணம், பூவின் நிறம், எந்தப் பட்டையில் நின்றது, அருகில் என்னென்ன செடிகள் என்பதை அங்கேயே நின்று எழுதிவிடுங்கள். சிலிக்கா ஜெல் இலைக்கும் அதே எண்.

நடுப்பட்டையில் ஒரே ஒரு செடியோடு நிறுத்தாதீர்கள். ஐந்து கதிரும் மயிர்க்கனியும் சேர்ந்த செடி கிடைக்கிறதா என்று தேடுங்கள். அந்தச் சேர்க்கை கொண்ட தாள் ஒன்று ஹெர்பேரியத்தில் இருந்தால், அடுத்து வருகிறவருக்கு அது பெரிய உதவி.

நுண்நோக்கி

போகிற நேரத்தைக் கனி முதிரும் பருவத்துக்குத் தள்ளிப்போட முடிந்தால் நல்லது. பூவும் கனியும் ஒரே செடியில் சேர்ந்து கிடைக்கும் அந்தச் சில வாரங்கள்தான் சரி. இந்தக் குலத்தில் கல்லீரலைக் கெடுக்கும் அல்கலாய்டுகள் பரவலாக உண்டு, ஆகவே கிள்ளி மென்று பார்க்கும் வேலை வேண்டாம்.